ஆழ்வாப்பிள்ளையின் வாய்

நாகேஸ்வரி மிஸ்ஸுக்குத் தனுஷாவில் அப்படி என்ன கோபமோ!

தாதியர் பயிற்சி அறைக் கட்டிலில் கிடப்பது ஒரு பொம்மை. பிள்ளைகள் வைத்த பெயர் ஆழ்வாப்பிள்ளை. அவருக்கு நெஞ்சு ஏறி இறங்கும். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து மிஸ் மைக்கில் கதைத்தால் வாயும் வரும்.

மூச்சு முட்டுகிற நோயாளியைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் பரீட்சை. ஒவ்வொருவராய் உள்ளே போக, கடைசி ஆள் தனுஷா. ஏற்கெனவே இரண்டு தரம் கோட்டை விட்டவள். இதுவும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முடித்தவர்கள் எல்லாம் கண்ணாடியடியில் நின்று பார்த்தார்கள். தனுஷா விறைத்துப்போய் நின்றாள்.

"என்ன பிள்ளை, சிலை மாதிரி நிக்கிறாய்? எனக்குப் படுக்க ஏலாமக் கிடக்கு!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அவள் ஓடிப்போய்த் தலைமாட்டை உயர்த்தினாள்.

"காத்துக் காணாது, காத்து!"

ஒட்சிசன் மாஸ்க்கை மாட்டினாள்.

"நெஞ்சு படபடக்குது. பாக்க ஒரு நாதியில்லையோ?"

நாடியைப் பிடித்தாள்.

"டொக்டர் எங்கையடி? நான் செத்தாப் பிறகோ வாறவர்?"

போனுக்குப் பாய்ந்தாள்.

மைக்கில் இப்போது மிஸ்ஸின் சொந்தக் குரல், களைத்துப்போய் வந்தது. "பாஸ். போ."

கன்ரீன் வாங்கில் வந்து விழுந்த தனுஷாவுக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. தேத்தண்ணி ஆறிக்கொண்டு கிடந்தது.

"பொம்மையைச் சாட்டி உன்னைக் கிழிச்சுப்போட்டா மனிசி," என்றான் அவளுக்கு முன்னமே பரீட்சை முடித்த சிவகரன். யாருடைய குரலையும் உரித்து வைக்கிறவன். எதிர் வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்தான்.

"பிள்ளை, படுக்க ஏலாமக் கிடக்கு! காத்துக் காணாது! நெஞ்சு படபடக்குது! டொக்டர் எங்கையடி?"

கன்ரீனே சிரித்தது. "அச்சொட்டா மிஸ்தான்ரா! இன்னொருக்காச் செய்!"

தனுஷா கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"உங்களையும் உப்பிடித்தானேடா பேசினவ?"

"படுக்க ஏலாம..." என்று மறுபடி தொடங்கின சிவகரன் பாதியில் நிறுத்தினான். மெதுவாக எழுந்து இருந்தான். வந்தது அவனுடைய குரல்தான்.

"இல்லையடி. எங்கடை முறையிலை ஆழ்வாப்பிள்ளை வாயே திறக்கேல்லை."