எடையைக் கேட்ட மாப்பிள்ளை

மலையடிவாரத்துக் கொட்டகை ஒன்றில் கேரவன் அம்மாள் இருந்தாள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள சக்கர வீடு. எஞ்சின் மட்டும்தான் இல்லை. மலைக்கு அந்தப்புறம் தன்னை இழுத்துப்போக ஒரு பிக்கப் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

முதலில் சாம்பல் நிறப் பிக்கப் ஒன்று வந்தது. வந்ததும் வராததுமாக, "உங்க எடை என்னங்க? தண்ணித் தொட்டி நிரம்பினா எவ்வளவு கூடும்? உங்களுக்குத் தனியா பிரேக் இருக்கா?" என்று கேட்டது.

பெண் பார்க்க வந்த இடத்தில் எடையைக் கேட்பதா! அம்மாளுக்குச் சுருக்கென்றது. ஒரு சொட்டு டீசல்கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தாள்.

அடுத்து வந்தது கறுப்புப் பிக்கப். முகப்பெல்லாம் பளபளப்பு, பம்பரில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம். பாட்டு ஹாரனை ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டு, "நீங்க பஞ்சு மாதிரி இருக்கீங்க. ஒத்தை டயர்ல இழுத்துடுவேன்" என்றது. பொருத்தம் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றைக்கே கொக்கி மாட்டியாகிவிட்டது.

ஏற்றத்தில் மாப்பிள்ளைக்குப் புகை தள்ளியது. ஆசையில் திணறுகிறார் என்று அம்மாள் பூரித்துப்போனாள்.

இறக்கம் வந்தது. மாப்பிள்ளை பிரேக் பிடித்தார். அம்மாள் நிற்பதாக இல்லை. பின்னாலிருந்து அவரைத் தள்ளிக்கொண்டே கொண்டை ஊசி வளைவை நோக்கி இறங்கினாள்.

"ஐயோ, எத்தனை டன்னுடி நீ?" என்று அலறினார் மாப்பிள்ளை.

அம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. எதிரே இருந்த பள்ளம் அவள் கண்ணிலேயே படவில்லை.

"கடைசியில நீங்களும் கேட்டுட்டீங்களே!" என்றாள்.