உறை பிரிக்காத கட்டில்

ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் கூட்டம் தாங்கவில்லை என்று பக்கத்திலேயே புது வார்டு கட்டினார்கள். கட்டில்கள் போட்டு, வாசலில் சிவப்பு ரிப்பனும் கட்டியாயிற்று. அதை வெட்ட அமைச்சருக்குத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை. பிறக்கிற குழந்தைகளுக்கு அவரைக் கேட்டுக்கொண்டு பிறக்கத் தெரியவில்லை.

பழைய வார்டில் இரண்டு கர்ப்பிணிகளைச் சுமந்துகொண்டிருந்த கிழட்டுக் கட்டில், ஜன்னல் வழியாகப் புதுக் கட்டிலைக் கூப்பிட்டது.

"ஏம்மா, என் கால் வளைஞ்சாச்சு. உடைஞ்சா ரெண்டு பேரும் கீழே விழுவாங்க. ஒருத்தியையாவது நீ வாங்கிக்கோயேன்."

"ரிப்பன் வெட்டாம எப்படிக்கா?" என்று பிளாஸ்டிக் உறைக்குள் நெளிந்தது புதுக் கட்டில். "உறை கிழிஞ்சா நான் பழசாயிடுவேனே."

"ஆமா, பெரிய சீர்வரிசைக் கட்டில்," என்றது கிழடு.

கேட்டுக்கொண்டிருந்த நிறைமாதப் பூனைக்கு அந்த நேரம் பார்த்து வலி எடுத்தது. ரிப்பனுக்குக் கீழே நுழைந்து, புதுக் கட்டிலில் ஏறி, உறையைக் கிழித்து மூன்று குட்டி போட்டது.

"ஐயோ, என் திறப்பு விழா," என்றது கட்டில்.

"அதான் முடிஞ்சுதே," என்றது பூனை, குட்டியை நக்கிக்கொண்டே.

நர்ஸ் ஸ்டெல்லா வந்து பார்த்தாள். கிழிந்த உறைக்கு இனி என்ன காவல்? குட்டிகளை அட்டைப்பெட்டிக்கு மாற்றி, கட்டிலை மருந்து போட்டுத் துடைத்து, கிழட்டுக் கட்டிலிலிருந்து ஒருத்தியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

ரிப்பனை மட்டும் யாரும் தொடவில்லை. இன்றைக்கும் கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே குனிந்துதான் போகிறார்கள்.