சில அறிஞர்கள்

முதல் அத்தியாயத்தை முழுவதுமாக அழித்தாள்.

திரை வெறுமையானது.

யார் யார் என்ன சொன்னார்கள் என்று பக்கம் பக்கமாக அடுக்கியிருந்த அத்தியாயம். முனைவர் பட்டத்துக்காக எழுதியது. பட்டம் வாங்கியாயிற்று, தேர்வாளர்கள் எழுந்து போய்விட்டார்கள், இனி யாருக்குப் பயந்து எழுதுகிறாய் என்று பதிப்பகத்து ஹெப்சி கேட்டிருந்தாள். ஆய்வேடு வேறு, புத்தகம் வேறு.

வேதாகமத்தில் சில வசனங்களில் மட்டும் வந்துபோகும் ஒரு தாயைப் பற்றிய ஆய்வு அது.

நாட்டில் பஞ்சம். அது தீரவென்று ராஜா அந்தத் தாயின் பிள்ளைகளைத் தூக்கிலிடக் கொடுத்துவிடுகிறான். உடல்கள் மலைமேல் கிடக்கின்றன. அடக்கம் இல்லை. அவள் பாறையில் சாக்குத் துணியை விரித்து உட்கார்கிறாள். பகலில் பறவைகளை விரட்டுகிறாள். இரவில் மிருகங்களை. அறுவடை தொடங்கி மழை விழும்வரை.

அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை.

கடைசியில் ராஜாவே ஆளனுப்பி எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்கிறான்.

அது ராஜாவுக்கு எதிரான போராட்டம். படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஆய்வை எழுதியவள் அப்படித்தான் நம்பினாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் கை நின்றது.

‘சில அறிஞர்கள் இதை ஒரு தாயின் துக்கமாக மட்டுமே காண்கின்றனர். அதுவும் ஏற்கத்தக்கதே.’

இரண்டாவது வாக்கியம் அவளுடையது அல்ல. அவளுடைய நெறியாளர் ஞானாபரணம் ஐயா சேர்க்கச் சொன்னது. சேர்த்த பிறகுதான் ஆய்வேட்டில் கையெழுத்திட்டார்.

அழித்தாள்.

ஒரு வாக்கியம்தான். எடுத்ததும் பின்னால் இருந்ததெல்லாம் ஆட்டம் கண்டது. அதற்கு வளைந்து கொடுத்து எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கோடை விடுமுறையில் அவள் கற்பிக்கும் இறையியல் கல்லூரி காலியாகக் கிடந்தது. அவள் ஊருக்குப் போகவில்லை. திரும்ப எழுதினாள்.

ஹெப்சிக்குப் பிடித்திருந்தது. ஆனால் புத்தகம் வரவிருந்த நூல்வரிசையின் பொதுப் பதிப்பாசிரியர் ஞானாபரணம் ஐயா. அவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. அந்த வரியை மட்டும் திரும்ப வைத்துவிடேன், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றாள் ஹெப்சி.

வைக்கவில்லை.

அச்சுப்பிரதி எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினாள். தபாலில் அனுப்பினால் ஒளிந்துகொள்வது போல இருக்கும்.

ஐயாவின் மனைவி முந்தைய வருஷம் தவறியிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் மட்டும். எதை எடுத்திருக்கிறாள் என்று அவளே சொல்லிவிட்டாள். அவர் முகம் இறுகியது. பிரதியை வாங்கிக்கொண்டு, படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார்.

மழை தொடங்கியபோதுதான் கூப்பிட்டார்.

போனாள்.

பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். அவர் மாறியிருக்கவில்லை. துக்கம்தான் என்றார். போராட்டம் என்பது நாம் இன்றைக்கு அவள்மேல் ஏற்றுகிற சுமை.

முன்பானால் தலையாட்டியிருப்பாள்.

பிள்ளைகள் செத்தபோது கடவுள் இரங்கியதாக வசனத்தில் இல்லை என்றாள். அடக்கம் செய்த பிறகுதான் நாட்டின் வேண்டுதல் கேட்கப்பட்டது. அந்த அடக்கத்தைச் செய்ய வைத்தவள் அவள்தான்.

அது நல்ல வாதம் என்று அவர் ஒப்புக்கொண்டார். முடிவை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“அழுறதா இருந்தா வீட்டுல இருந்து அழுதிருக்கலாமே ஐயா. எதுக்குப் பாறையில போய் உக்காரணும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வீட்டுல தன்கூட உக்காந்து அழ ஆள் இல்லாம இருந்திருக்கும்.”

கூடத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒன்றில் அவர் இருந்தார். இன்னொன்றில் செய்தித்தாள்கள் குவிந்து கிடந்தன.

அதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக அந்த வரியைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. அப்படியே சொன்னாள்.

அவர் பிரதியைப் புரட்டி, ஒரு பக்கத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ‘சில அறிஞர்கள்’ என்ற இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு.

“யாரும்மா இந்தச் சில அறிஞர்கள்?”

அவள் தலை குனிந்தாள்.

“நான்தானே? பேரப் போடு. நான் சொல்றத முழுசா எழுது. எழுதிட்டு அப்புறம் மறுத்துப் பேசு.”

ஒப்புதல் தாளை வாங்கி அங்கேயே கையெழுத்திட்டார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று உள்ளேயிருந்து கேட்டார்.

கல்லூரிக்குத் திரும்பியதும் எழுத உட்கார்ந்தாள்.

‘ஞானாபரணம் ஐயா’ என்று கை தானாக அடித்தது. புத்தகத்தில் ஐயா கிடையாது.

அந்த ஒரு சொல்லை எடுக்க நெடுநேரம் ஆயிற்று.

அவர் கருத்தைச் சுருக்கவில்லை. அவர் சொன்னதையெல்லாம் எழுதினாள். அழ ஆளில்லாத வீட்டையும் எழுதினாள். ஒரு முழுப் பக்கம் வந்தது. அவர் சொன்னதைவிடத் தெளிவாகவே வந்தது.

வாசித்துப் பார்த்தாள்.

கண் நிறைந்தது. ஒரு கணம் அதுதான் சரியென்றே பட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு புதிய பத்தி தொடங்கினாள்.

‘இல்லை’ என்று எழுதினாள்.