அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?

"டீச்சர், அந்தப் பிள்ள என்ன சொல்லுது?"

"தெரியலடா பால்சாமி. பேசாமப் படத்தைப் பாரு."

"பேச்சே புரியலையே டீச்சர், என்னத்தப் பாக்க?"

தங்கச்செல்வி டீச்சர் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு படம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். இந்த மாதம் ஓர் ஆப்பிரிக்கப் படம். வேலைக்குப் போன அப்பா திரும்பி வராத வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் படும் பாடு. அந்த அளவுக்குத்தான் டீச்சருக்கும் தெரியும். படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து ஓட வேண்டும். அதற்கான ஃபைல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"டீச்சர், நம்ம அமுதவள்ளி அப்பா ஆப்பிரிக்காவுலருந்துதான வந்திருக்காக? ஸ்கூல் கேட்டு வாசல்லதான் நிக்கிறாக. அவுகளக் கூப்பிட்டாச் சொல்லிருவாக!"

ஏழாம் வகுப்பு மொத்தமும் திரும்பி அமுதவள்ளியைப் பார்த்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

ராஜபாண்டி ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டி வேலைக்காக ஆப்பிரிக்கா போய், நாலு வருஷம் கழித்துப் போன வாரம்தான் ஊருக்கு வந்திருந்தார். ஒவ்வொரு வருஷமும், "பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு வந்துருவேன் தாயி" என்று போனில் சொல்லுவார். மகளும் அதை நம்பி பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பாள். கடைசி பஸ்ஸும் போன பிறகு அம்மா சுமதிதான் போய் இழுத்துக்கொண்டு வருவாள்.

இப்போது அப்பா வந்துவிட்டார், மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். "அம்மா, அவுகளச் சாப்பிடச் சொல்லு" என்பதோடு சரி. ஒரு வாரமாக அவள் வாயிலிருந்து 'அப்பா' என்ற சொல்லே வரவில்லை. அது வராதா என்றுதான் மனுஷன் தினமும் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறார். அவள் பாட்டுக்கு அவரைத் தாண்டி விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போய்விடுவாள்.

டீச்சர் ஆள் அனுப்பி அவரை உள்ளே வரவழைத்தார்.

"படத்துல பேசுறதத் தமிழ்ல சொல்லணும். உங்களால முடியுங்களா?"

ராஜபாண்டி சுவரில் நின்ற படத்தைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மூன்றாவது வரிசையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்.

"சொல்லிருவோம் டீச்சர். மைக்கைக் குடுங்க."

படம் மறுபடி ஓடியது. படத்தில் அக்காக்காரி தம்பியைப் பார்த்துக் கத்தினாள். ராஜபாண்டி குரலைக் கீச்சென்று மாற்றினார்.

"ஏலே, ஆட்டப் புடிலே! ஆத்தா ரேஷன் கடைக்குப் போயிருக்கு. வாரதுக்குள்ள அப்பாவத் தேடிக் கெளம்பிருவோம்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அங்கேயும் ரேஷன் கடை உண்டா என்று டீச்சருக்கு ஆச்சரியம்.

அக்கா, தம்பி, வழியில் வந்த கிழவர், போலீஸ்காரர் என்று எல்லாருக்கும் அவரே பேசினார். "இம்புட்டு வெயில்ல என்னை எங்க இழுத்துட்டுப் போறீக?" என்று ஆட்டுக்கும் சேர்த்துப் பேசியபோது அமுதவள்ளியின் தலை மெல்ல நிமிர்ந்தது. சிரிப்பை அவள் உதட்டைக் கடித்து அடக்கினாள்.

பிள்ளைகள் ஒரு லாரி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு லாரியில் மூட்டைகளுக்கு மேலே அவர்கள் ஆடு நின்று கத்திக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட ஒருவர் அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"அவருதான் அப்பாவா?" என்றான் பால்சாமி.

"ஆமாய்யா," என்றார் ராஜபாண்டி. இப்போது அவர் குரலை மாற்றவில்லை.

"தாயி, நான் குடுத்த வாக்கக் காப்பாத்தல. திருவிழாவுக்கு வாரேன் வாரேன்னு சொல்லி உன்னய ஏமாத்திட்டேன். வரணும்னுதான் நெனச்சேன், வேலை விடல. நீ ரோட்டுல வந்து நின்னு பாத்துட்டு அழுதுக்கிட்டே போனியாமே, அதக் கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. என்னய நல்லாத் திட்டு தாயி. பேசாம மட்டும் இருந்துராத."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படத்தில் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து அவரிடம் ஏதோ சொன்னாள். மைக்கில் ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பிள்ள என்ன சொல்லுது?" பால்சாமி விடுவதாக இல்லை.

டீச்சர் படத்தை நிறுத்தினார். ராஜபாண்டி மைக்கைத் தாழ்த்தினார். "அத நான் எப்படிய்யா சொல்லுவேன்..."

அமுதவள்ளி எழுந்தாள். வரிசைகளைத் தாண்டிப் போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"'சரி விடுப்பா. வா, வீட்டுக்குப் போவோம்'னு சொல்லுது."

டீச்சர் படத்தை ஓடவிட்டார். சுவரில் தொப்பிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பே எழுந்து கைதட்டியது. ராஜபாண்டி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார், அப்படியே சிரித்தார்.

அதற்குள் திருச்சுழி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "மீதியை நாளைக்குப் பாப்போம். நாளைக்கும் நீங்கதான் வந்து சொல்லணும்," என்றார் டீச்சர்.

"அதுக்கென்ன டீச்சர்..." என்று அவர் இழுப்பதற்குள், "பஸ்ஸு போயிரும், ஓடியாப்பா!" என்று மகள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். டீச்சருக்கு மனசு நிறைந்துவிட்டது.

போகும் முன் ஃபைலைக் கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்த்தார். திறந்துகொண்டது. எவ்வளவு அழகாகச் சொன்னார் மனுஷன் என்று, அதே காட்சியை மறுபடி ஓடவிட்டார்.

தொப்பிக்காரர் குனிந்தார். கீழே தமிழ் எழுத்து ஓடியது. 'லாரியில் இடமில்லை. ஆட்களை ஏற்றினால் என் வேலை போய்விடும். நாளைக்கு வாருங்கள்.'

அந்தப் பெண் முகத்தைத் திருப்பினாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள். 'அப்படியென்றால் எங்கள் ஆட்டையாவது இறக்கிக் கொடுங்கள்.'