செட்டிகுளம் ரோட்டில் நின்ற கார்

"ஒரே ஒரு ஓட்டுங்க! அந்த ஓட்டையும் நீங்களே கார்ல ஏத்திட்டுப் போயி எதிராளிக்குப் போட வெச்சிருக்கீங்க!"

மஞ்சு காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் இளையபெருமாள் பெரம்பலூரில் பழைய கார் வாங்கி விற்பவர். கார் கழுவும் வேலையில் தொடங்கி, சொந்தக் கடை போட்டு, இந்தத் தடவை கவுன்சிலர் தேர்தலிலும் குதித்துவிட்டார். நேற்று எண்ணியதில், செல்லமுத்துவிடம் ஒரே ஓட்டில் தோல்வி.

"என்ன பண்ணச் சொல்றே? நான் வித்த வண்டி எங்க நின்னாலும் ஒரு வருசத்துக்கு நானே வருவேன்னு சொல்லித்தானே விக்கிறேன்? செட்டிகுளம் ரோட்டுல வண்டி நின்னுடுச்சுன்னு போன் வந்துச்சு, போனேன்."

"உள்ள இருந்தது செல்லமுத்துவோட அம்மான்னு தெரிஞ்சுமா?"

"பாவம், கோயிலுக்குப் போயிட்டு ஓட்டுப் போட ஓடியாந்துச்சு. மணி அஞ்சரை. ரிப்பேர் பாக்க ஏது நேரம்? என் கார்லயே கூட்டியாந்து பூத்து வாசல்ல விட்டேன்."

"நல்லா விட்டீங்க! மூணு மாசமா வூடு பூரா செருப்பு. நாளுக்கு நூறு டீ. பெத்த பொண்ணுகிட்ட நாலு வார்த்தை பேச நேரமில்லாம அலைஞ்சதுக்கு இதுதான் பலனா?"

பொரிந்து தள்ளிவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள். இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கவுன்சிலர் நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டவர்.

வாசலில் கார் சத்தம். இறங்கியது செல்லமுத்துவின் அம்மா சின்னம்மாளேதான்.

"தம்பி, மனசு கேக்கல, அதான் வந்தேன். நான் உனக்குத்தான்யா போட்டேன்!"

"என்னம்மா இது! பெத்த புள்ளைக்குப் போடாமயா?"

"இப்பவே அவன் வூடு தங்கறதில்ல. பதவியும் வந்துட்டா அவன் மூஞ்சிய போஸ்டர்லதான் பாக்கணும். தோத்தா வூட்டோட கெடப்பான்னு பாத்தேன். எவ கெடுத்தாளோ, ஜெயிச்சுத் தொலைச்சுட்டான்!"

இளையபெருமாள் வாய்விட்டுச் சிரித்தார். "மஞ்சு, கேட்டியா கூத்த?"

அடுப்படியிலிருந்து நெய் வாசனைதான் வந்தது.

சின்னம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கேசரி கிளறிக்கொண்டிருந்த மஞ்சு, அவள் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் கிசுகிசுத்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நானும் அதையே நெனச்சுத்தான் உங்க மகனுக்குப் போட்டேன்!"