மூச்சு விடும் எடை

மதியம் ஒன்றரைக்குப் பெரியவர் கட்டிலை விட்டு எழுந்தார். அவர் எழுந்த இடத்தின் சூடு ஆறுவதற்குள் அவள் படுத்துக்கொண்டாள்.

தாமதித்தால் மணி கூப்பாடு போட்டுவிடும்.

மெத்தைக்கு அடியில் ஒரு பட்டை இருக்கிறது. மடித்த செய்தித்தாளின் கனம்தான். ஆள் படுத்திருக்கிறாரா, மூச்சும் இதயத் துடிப்பும் சீராக இருக்கின்றனவா, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா, எல்லாவற்றையும் நர்ஸ் மேசையிலிருக்கும் திரைக்குக் கோள் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆள் இருந்தால் திரையில் பச்சைப் புள்ளி. இரண்டு நிமிடம் இல்லையென்றால் சிவப்பு, கூடவே மணி.

அந்த முதியோர் இல்லத்தில் இப்படிப்பட்ட சாமான்கள் நிறைய. கையை நீட்டினால் தண்ணீர் விடும் குழாய். ஆளைக் கண்டால் விலகி வழிவிடும் கதவு. மனுஷருக்கு இல்லாத மரியாதை இதுகளுக்கு இருக்கிறது என்பாள் அவள்.

ஆனால் அவள் களைத்திருப்பதை மட்டும் எதுவும் கண்டுகொண்டதில்லை.

விடியும் முன்னே ஓர் அலுவலகக் கட்டடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு இங்கே வருகிறவள். ஆண்கள் பகுதியில் பதினொரு கட்டில்கள் அவள் பொறுப்பு. குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி நிமிர்வதற்குள் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல ஆகிவிடும்.

பெரியவர் ஒரு காலத்தில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர். அவர் மனைவியும் இதே இல்லத்தில்தான், வராந்தாவின் மறுகோடியில், பெண்கள் பகுதியில். பார்க்க விடுவது ஞாயிறு மாலை மட்டும். பெரியவர் ஒரு தரம் விழுந்தவர் என்பதால் துணையில்லாமல் நடக்கக் கூடாது. துணைக்குப் போக யாருக்கு நேரம்?

அவரே ஒருநாள் கிளம்பினார். மணி அடித்தது.

அடுத்த தரம் தண்ணீர் கேன்களை அடுக்கிப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போனார். பழைய தொழில் அல்லவா, எடை கனகச்சிதம். அப்போதும் அடித்தது. கேனுக்கு எங்கே மூச்சு வரும்?

இன்னொரு தரம் அடித்தால் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி மாட்டிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். கம்பி மாட்டிய கட்டிலிலிருந்து திரும்ப எழுந்து நடந்த ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

"இதுக்கு ஆள் யாருன்னு தெரியாதும்மா. எடை வேணும், மூச்சு வேணும், அவ்வளவுதான்," என்றார் பெரியவர் அவளிடம்.

மாட்டிக்கொண்டால் என் வேலை போய்விடும் ஐயா என்றாள். சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள். வந்து படுத்தாள்.

முதல் மூன்று நாள் கட்டை மாதிரி கிடந்தாள். நாலாம் நாள் எப்போது கண் அசந்ததென்று அவளுக்கே தெரியாது. பெரியவர் வந்து தொண்டையைச் செருமியபோது பதறி எழுந்தாள். கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

அதிலிருந்து படுத்ததும் தூக்கம்தான். ஒரு மாதத்தில் அவள் முகமே தெளிந்துவிட்டது. வாராவாரம் வரும் டாக்டர் பட்டையின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு மதியத் தூக்கமா, இதயம் வாலிபனுடையது மாதிரி துடிக்கிறதே என்று பெரியவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவள் குனிந்து கட்டிலுக்கடியில் எதையோ தேடினாள்.

கடைசி இரண்டு வாரமாகப் பெரியவர் போய்வரும் அரைமணி நேரம், முக்கால் மணியாக நீண்டது. கேட்டால், வீட்டுக்காரி இன்றைக்குப் பேச ஆரம்பித்தவள் விடவே மாட்டேன் என்றுவிட்டாள் என்பார்.

நேற்று அழுக்குத்துணி போடும் அறையில் பெண்கள் பகுதியின் வேலைக்காரியைப் பார்த்தாள். ஐயாவின் வீட்டம்மாவுக்கு உடம்பு எப்படி என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள்.

அந்த வேலைக்காரி ஒருமாதிரி பார்த்தாள். அந்த அம்மாவை மகள் வந்து வீட்டுக்கு அழைத்துப் போய் இரண்டு வாரம் ஆகிறதாம். ஒருவரைத்தான் வைத்துப் பார்க்க முடியும் என்று மகள் அழுதாளாம். உன் லீவு நாளில் நடந்தது, உனக்கு யாரும் சொல்லவில்லையா என்றாள்.

"பாவம், அந்தப் பெரியவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு போல. தினம் வந்து காலிக் கட்டில் பக்கத்துல உக்காந்து கடிகாரத்தையே பாக்குறாரு. எந்திரிச்சுப் போங்கன்னா, இருங்கம்மா, அங்க ஒரு புள்ள தூங்குதுங்குறாரு."

அவள் துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

இன்றும் ஒன்றரை ஆனது. பெரியவர் செருப்பை மாட்டினார். நேரமாகிவிட்டது, அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்றார், எப்போதும் போல.

நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள். அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"பாத்துப் போங்க ஐயா. அவங்களைக் கேட்டதா சொல்லுங்க."

படுத்துப் போர்த்திக்கொண்டாள். கைத்தடியின் ஓசை வராந்தாவில் தேய்ந்துகொண்டே போனது. கோடியில் கதவு விலகி, மூடியது.

மாலையில் நர்ஸ் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன ஐயா, இன்னிக்கு மதியம் பொட்டுத் தூக்கம்கூட இல்லையாமே?"

பெரியவர் மெல்லத் திரும்பி, கட்டிலருகே நின்ற அவளைப் பார்த்தார்.

அவள் அவருடைய தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். உறை மாற்றுகிற நாள் அது இல்லை.