மொதலாளி குரல்

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. உடனே கேட்டால் எப்படி? கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒருவர் செத்துப்போனதைச் சொல்லியாக வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் முதலாளி, காபிக்கு மருந்து தெளிக்கச் சின்ன விமானம் ஒன்று வைத்திருந்தார். அது நிற்பது மலையடியில், குப்பனூர்க் கொட்டகையில். அங்கே ஒரே சட்டம்தான். அண்ணாந்து பார்த்தால் மலை உச்சி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது.

எண்பத்திமூன்று ஆவணியில் ஒருநாள், உச்சி என்ன, பாதி மலையையே காணோம். பங்களாவிலிருந்து முதலாளி போன் போட்டார்.

"க்ஹும்! பனியாவது மண்ணாவது! மருந்து இன்னைக்கே அடிச்சாகணும். பைலட்டை வண்டிய எடுக்கச் சொல்லு!"

பைலட் எடுத்தார். வாழவந்திப் பக்கம் ஒரு பாறையில் மோதி, விமானமும் போயிற்று, அவரும் போனார்.

"நான் போனே போடலியே! அவனாத் துணிஞ்சு பறந்தான்" என்றுவிட்டார் முதலாளி.

பைலட்டின் மனைவி தேவகுமாரி கேஸ் போட்டாள். அவளுக்கு இரண்டே சாட்சி. கொட்டகையில் போனை எடுத்த வாட்ச்மேன் பொன்னுவேல் ஒன்று. முதலாளி பேசும்போது பங்களா ஆபீஸில் பக்கத்தில் நின்ற கிளார்க் கோவிந்தராஜ் இன்னொன்று.

கோவிந்தராஜின் தொண்டையில் ஊரே குடியிருந்தது. ஒரு குரலைக் கேட்டால் போதும், மறுநாள் அது அவன் வாயிலிருந்து வரும்.

"தம்பி, அவங்க வக்கீல் வந்தா வாயத் தொறந்துடாதீங்க" என்றாள் தேவகுமாரி. "எங்கூட்டுக்காரரு திமிர்ல பறந்து செத்தாருன்னு எம்புள்ளைங்க கேட்டு வளரக் கூடாது."

"கேஸைப் பத்தி ஒரு வார்த்தை வராதுங்கக்கா."

வக்கீல் வந்தார். மிரட்டுவார் என்று நினைத்திருந்தான் கோவிந்தராஜ். அவரோ ஆபீஸ் முழுக்க போண்டாவும் டீயும் வரவழைத்து, நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"கேஸ் பேச்சே வேண்டாம் தம்பி. நீங்க குரல் மாத்திப் பேசறதைப் பத்திச் சேலம் வரைக்கும் சொல்றாங்களே! ஒண்ணு எடுத்து விடுங்க."

இவ்வளவுதானா! ஆளைச் சிரிக்க வைத்தே பஸ் ஏற்றிவிடலாம் என்று கோவிந்தராஜ் எழுந்தான்.

முதலில் பஸ் கண்டக்டர். "ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் வாங்க மாட்டியா? அப்ப அது வரட்டும், நீ எறங்கிக்க! ரைட்!"

அடுத்து, சந்தையில் பலாப்பழம் விற்கும் ஆராயி. "ஏனுங்க, இத்தனை தட்டு தட்டறீங்க, பழம் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

வக்கீல் தொடையில் தட்டிச் சிரித்தார். "முதலாளி வருமா?"

"வேண்டாம் கோவிந்தா" என்றார் கணக்கு எழுதும் ரைட்டர் சுப்பிரமணி.

"அவரு மெட்ராஸ்ல இருக்காரு. நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க" என்றார் வக்கீல்.

"க்ஹும்! ரைட்டரு! தூங்கறியா, செத்துட்டியா? செத்துட்டா லீவு லெட்டர் எழுதிக் குடு!"

ரைட்டர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். ஆபீஸ் அதிர்ந்தது.

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க சரி. போன்ல பேசினா யாராச்சும் நம்புவாங்களா?"

"நம்பாம?" கோவிந்தராஜே குப்பனூருக்குப் போன் போட்டான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

"க்ஹும்! பொன்னுவேலு! நாளைக்கு அங்க வர்றேன். கொட்டாயைக் கூட்டி வையி!"

"ஆகட்டுங்க மொதலாளி! இந்தா, வெளக்குமாத்தைக் கையில எடுத்துட்டனுங்க!"

"என்ன, உக்காந்துக்கிட்டே பேசறாப்ல இருக்கு?"

"ஐயோ இல்லீங்க! உங்க சத்தம் கேட்டதுமே எந்திரிச்சுட்டனுங்க! துண்டையும் இடுப்புல கட்டிப்போட்டனுங்க!"

ஆரம்பத்தில் சொன்ன இடம் இதுதான். ஒருவருக்கு டீ மூக்கில் ஏறியது. ரைட்டர் மேஜையைக் குத்தினார். கோவிந்தராஜுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"பொன்னுவேலண்ணா, நாந்தான் கோவிந்தராஜு!"



வக்கீல் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"ரைட்டர், இங்க சிரிச்ச எல்லாரும் வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வரணும். இப்பப் பாத்ததை அப்படியே சொன்னாப் போதும். பொய் ஒண்ணும் வேண்டாம்."

ஒவ்வொருவர் சிரிப்பாக அடங்கியது. கோவிந்தராஜ் வக்கீலிடம் திரும்பினான்.

"சார்... அன்னைக்குப் பேசினது முதலாளிதாங்க சார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"தெரியும் தம்பி. போனுக்குப் பக்கத்துலதான் நின்னீங்க" என்று வக்கீல் பையை எடுத்துக்கொண்டார்.

தேவகுமாரியிடம் சொன்ன சொல்லை அவன் மீறவே இல்லை. கேஸைப் பற்றி, வக்கீல் கோர்ட் என்று சொல்லும்வரை, ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னும் கீழே வைக்காத ரிசீவரில் பொன்னுவேல் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, மெல்ல, அவர் குரல்:

"ஏஞ்சாமி... அப்ப அன்னைக்குப் பேசினதும் நீதானா?"